பழைய சொகுசு கார்களில் டயர் அழுத்த சென்சார்: மாற்றுவதா, அணைத்துவிடுவதா?

ஆறாம்கியர் எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். 2007-ஆம் ஆண்டு தயாரிப்பான ஜெர்மானிய சொகுசு செடான் ஒன்றை அதன் முந்தைய உரிமையாளரிடமிருந்து வாங்கி ஓட்டிவருகிறேன். அண்மைக் காலமாக, எஞ்சினைக் கிளப்பியதும் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு ஒரு நிமிடத்துக்கும் சற்று அதிகமாக மின்னுகிறது. பிறகு பயணம் முடியும்வரை அணையாமல் எரிகிறது. வண்டி குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் நான்கு டயர்களையும் நல்ல கேஜ் வைத்துப் பார்த்துவிட்டேன். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டவணை சொல்லும் அழுத்தமே நான்கிலும் இருக்கிறது.

பணிமனையில் விசாரித்தபோது, எந்தக் கருவியையும் சக்கரத்தின் அருகே கொண்டுபோகாமலேயே, நான்கு சென்சார்களையும் மாற்ற வேண்டும், அதன் பிறகும் சரியாகாவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு நண்பரோ, இவ்வளவு பழைய வண்டிக்கு இது தேவையே இல்லை, ஸ்கேனரை இணைத்து அந்த அமைப்பையே நிறுத்திவிடலாம் என்கிறார். இரண்டில் எதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை. இதே நிலையைக் கடந்தவர்களும், இந்தத் தொழிலில் இருப்பவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

டயர்பட்டறை எழுதியது:

வணக்கம் நண்பரே. விளக்கு எப்படி எரிகிறது என்பதை நீங்கள் கவனித்துச் சொன்னதே பாதி விடையைத் தந்துவிட்டது. தொடக்கத்திலிருந்தே நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று பொருள். 60 முதல் 90 விநாடிகள் மின்னிவிட்டுப் பிறகு நிலையாக நின்றால், காற்றில் குறை இல்லை, அழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பே பழுதாகியிருக்கிறது என்று பொருள். இந்த வேறுபாட்டை அமெரிக்காவின் 138-ஆம் எண் வாகனப் பாதுகாப்புத் தரமே வகுத்திருக்கிறது. காற்றடிக்கும் இடத்தில் மின்னும் விளக்கைப் பார்த்து மேலும் மேலும் காற்றை ஏற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதைச் செய்ய விடாதீர்கள்.

பெரும்பாலும் காரணம் பேட்டரிதான். சக்கரத்துக்குள் இருக்கும் சென்சாரில் ஒரு சிறு லித்தியம் பேட்டரி உண்டு. அதன் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள். ஈரமும் அதிர்வும் தாக்காமல் இருக்க, பேட்டரியையும் மின்சுற்றையும் சேர்த்துப் பிசின் ஊற்றி உறையவைத்து அடைத்திருப்பார்கள். பிசினைச் சுரண்டிப் புதிய பேட்டரி வைத்துப் பற்றவைக்கும் முயற்சிகளைப் பார்த்திருக்கிறேன். வேகமாகச் சுழலும் ரிம்முக்குள் அந்த ஒட்டு நிலைத்து நிற்கும் என்று நான் யாருக்கும் உறுதி கூற மாட்டேன். பேட்டரி தீர்ந்தால் சென்சாரை மாற்றுவதே முறை.

ஆனாலும், எது செத்திருக்கிறது என்று பார்க்காமல் நான்கையும் மாற்றச் சொல்வது முறையல்ல. டயரைக் கழற்றாமல், ஒவ்வொரு வால்வின் அருகிலும் சோதனைக் கருவியைப் பிடித்தாலே சென்சாரின் அடையாள எண், அழுத்தம், வெப்பநிலை ஆகியவை தெரியும். பல சென்சார்கள் தங்கள் பேட்டரியின் நிலையையும் சேர்த்துச் சொல்லும். முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

மின்சுற்று எழுதியது:

டயர்பட்டறை ஐயா சொன்னதற்கு மேல், பழைய சொகுசு கார்களுக்கே உரிய சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலில், உங்கள் காரில் சென்சார் இருக்கிறதா என்பதையே உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்தக் காலக் கார்களில் இரண்டு வகை அமைப்புகள் உண்டு. ஒன்று, சக்கரத்துக்குள் சென்சார் வைத்து அழுத்தத்தை நேரடியாக அளப்பது. மற்றொன்று, ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக சென்சார்களைக் கொண்டு ஊகிப்பது. காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றே சுருங்குவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வேறுபாட்டை வைத்து எச்சரிப்பது இந்த மறைமுக முறை. பிஎம்டபிள்யூ இ46 போன்ற கார்களில் இது பரவலாக இருந்தது. இதன் முதல் தலைமுறை அமைப்புகளுக்கு, நான்கு டயர்களிலும் ஒரே அளவில் காற்று இறங்கினால் எதுவுமே தெரியாது. ஒப்பிடுவதற்கு வேறுபாடு இருக்காது அல்லவா? பின்னால் வந்தவை டயரின் அதிர்வலைகளையும் ஆராய்ந்து இந்தக் குறையைக் களைந்தன. இந்த வகைக் காரில் விளக்கு மின்னினால் வால்வைத் தொடவே வேண்டாம். ஏபிஎஸ் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

நேரடி முறை நம்மில் பலர் நினைப்பதைவிடப் பழையது. 1986-இல் வந்த போர்ஷே 959 காரிலேயே, உள்ளீடற்ற ஆரக்கால்களைக் கொண்ட சக்கரங்களோடு அழுத்தக் கண்காணிப்பும் இருந்தது. 1997-ஆம் ஆண்டு மாடல் கார்வெட், காற்று போனாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயர்களோடு வந்ததால் அதற்கும் இது தேவைப்பட்டது. சட்டம் இதற்கெல்லாம் பின்னால்தான் வந்தது. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டதை அடுத்து 2000-இல் அமெரிக்கா டயர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கப்படும் எல்லாப் புதிய இலகு ரக வாகனங்களிலும் இந்த அமைப்பு கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய மாடல்களுக்கு 2012 நவம்பரிலும், விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் 2014 நவம்பரிலும் கட்டாயமாக்கினார்கள்.

ஆகவே, 2007-ஐ ஒட்டியும் அதற்கு முன்பும் வந்த சொகுசு கார்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வடிவமைத்த அமைப்புகளே இருக்கும். எளிய அமைப்பில் ஒரே ஒரு ரிசீவர் நான்கு சக்கரங்களையும் கேட்கும். விலையுயர்ந்த கார்களில் அப்படியல்ல: எந்தச் சக்கரம் எந்த மூலையில் இருக்கிறது என்பதைத் தானாகவே கண்டறிவதற்காக ஒவ்வொரு சக்கர வளைவுக்குள்ளும், பிளாஸ்டிக் உறையின் பின்னால், ஒரு ஆண்டெனாவையோ, சென்சாரைத் தட்டி எழுப்பும் தூண்டியையோ பொருத்தினார்கள். காரின் மிக அழுக்கான, மிக ஈரமான இடம் அதுதான். சென்சாரின் பேட்டரி தீர்வதை எல்லோரும் பேசுகிறார்கள்; இந்த ஆண்டெனாக்களும் அவற்றின் கனெக்டர்களும் அரித்துப்போவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கருவிகொண்டு பார்க்கும்போது இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 125 கிலோஹெர்ட்ஸ் அலையால் தட்டி எழுப்பினால் சென்சார் பதில் தருகிறதா? காரின் கணினியோடு கருவியை இணைக்கும் ஓபிடி இணைப்பு வழியாக உள்ளே பார்த்தால், அந்தப் பதிலைக் கார் கேட்கிறதா? முதலாவதற்கு விடை 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்றால், புதிய சென்சார் வாங்குவதால் எந்தப் பயனும் இல்லை.

நெடுஞ்சாலை எழுதியது:

எதிர்த்தரப்பை நான் முன்வைக்கிறேன். இந்த அமைப்பு பழைய கார்களில் தரும் தொல்லை, தரும் பயனைவிட அதிகம் என்பது என் கருத்து. பழைய பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் போன்றவற்றில் அழுத்தத்தை எண்ணாகக் காட்டும் வசதிகூட இல்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மட்டுமே தெரியும். டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அலுமினிய வால்வு முறியுமோ என்ற அச்சம் வேறு. வாரம் ஒருமுறை கையில் கேஜ் எடுத்துப் பார்ப்பவருக்கு இந்தச் சென்சார் எதைப் புதிதாகச் சொல்லிவிடப் போகிறது? அமைப்பை முறையாகக் கோடிங் மூலம், அதாவது ஸ்கேனரால் காரின் மென்பொருள் அமைப்பை மாற்றி, நிறுத்திவிட்டு, கேஜை நம்பி ஓட்டுவதே நேர்மையான வழி. எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைப் பார்த்துப் பழகிவிடுவது, விளக்கே இல்லாததைவிட ஆபத்தானது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

டயர்பட்டறை எழுதியது:

நெடுஞ்சாலை நண்பரின் கடைசி வாக்கியத்தை முழுமையாக ஏற்கிறேன். மற்றவற்றை ஏற்க இயலவில்லை.

கேஜும் சென்சாரும் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. பரிந்துரைக்கப்பட்ட அளவில் 25 விழுக்காடு குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்பதே அமெரிக்கத் தரம். அதாவது 2.4 பார் (அழுத்த அலகு) இருக்க வேண்டிய டயர் 1.8 பாருக்கு இறங்கும்வரை விளக்கு பேசாமல் இருக்கலாம். அந்த இடைவெளியைக் காப்பது கேஜின் வேலை. அதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் காலையில் சரியாக இருந்த டயரில், வழியில் ஒரு ஆணி ஏறி, அடுத்த ஒரு மணி நேரத்தில் காற்று மெல்ல மெல்லக் கசிந்தால், டிக்கியில் கிடக்கும் கேஜ் என்ன செய்யும்? காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி விரிகிறது. அந்த மடக்கமே வெப்பமாகிறது. வெப்பம் ரப்பருக்கும் உள்ளிருக்கும் எஃகுப் பட்டைகளுக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது. இரண்டு டன் எடையுள்ள செடான், நெடுஞ்சாலை வேகத்தில், அந்த நிலையில் நீண்ட தூரம் ஓடுவதைத் தடுக்கத்தான் இந்தச் சென்சார்.

ரன்ஃபிளாட் டயர் பூட்டிய காராக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அதன் பக்கச்சுவர் தடித்தும் விறைத்தும் இருப்பதால், காற்று முழுவதும் போன பிறகும் டயர் நிமிர்ந்தே நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்டியரிங்கிலும் எளிதில் புலப்படாது. காற்றில்லாமல் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம்தான் அதற்கு அனுமதி. காற்று போனதே தெரியாதவர் அந்த வரம்பை எப்படிக் காப்பார்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான்கு சென்சார்களையும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, மூடி, காற்றேற்றி, டிக்கியில் வைத்துக் காரை ஏமாற்றும் வழி ஒன்று பரவியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குடிநீருக்கான குழாய், அழுத்தப்பட்ட காற்றுக்காகச் செய்யப்பட்டதல்ல. வெயிலில் சூடேறிய டிக்கிக்குள் அது வெடித்தால் சில்லுகளாகத் தெறிக்கும். அதோடு, நாளை அந்தக் காரை வாங்குபவர் எரியாத விளக்கைப் பார்த்து நான்கு டயரும் நலம் என்று நம்புவார். நிறுத்துவதென்றே முடிவெடுத்தாலும், கோடிங் மூலம் நிறுத்தி, அதை எழுத்தில் குறித்து வையுங்கள். சட்டத்தையும் பாருங்கள்: பிரிட்டனில், 2012 ஜனவரி 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்கு, ஆண்டுச் சோதனையில் இந்த விளக்கும் பரிசோதிக்கப்படுகிறது. அதற்கு முந்தைய கார்களுக்கு அங்கே அந்தச் சோதனை இல்லை.

கருநீலம் எழுதியது:

ஜப்பானியச் சொகுசு காரை வைத்திருப்பவன் என்ற முறையில் ஒரு செய்தி. ஜெர்மானியக் கார்கள் பலவற்றில் புதிய சென்சாரைப் பொருத்திச் சிறிது தூரம் ஓட்டினாலே கார் அதைத் தானாகக் கற்றுக்கொள்ளும். பழைய லெக்சஸ் கார்களில் அப்படி நடக்காது. ஒவ்வொரு சென்சாரின் அடையாள எண்ணையும் ஓபிடி வழியாகப் பதிவு செய்தாக வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ரீசெட் பொத்தான், எந்த அழுத்தத்தை அளவுகோலாகக் கொள்வது என்பதை மட்டுமே மாற்றும். புதிய எண்ணைப் பதிவு செய்யாது. இதை அறியாமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம்.

சில மாடல்களில் ஸ்பேர் டயருக்குள்ளும் ஐந்தாவது சென்சார் உண்டு. தரையில் உருளும் நான்கும் நலமாக இருந்து, டிக்கியில் படுத்திருக்கும் ஐந்தாவதன் பேட்டரி தீர்ந்தாலும் விளக்கு மின்னும். ஆறாம்கியர் அதையும் பார்ப்பது நல்லது.

பதிவு செய்யும் சிக்கலைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்ரேடர், ஆட்டெல் போன்ற நிறுவனங்கள் எண்ணை நாமே எழுதிக்கொள்ளக்கூடிய சென்சார்களை விற்கின்றன. பழைய சென்சாரின் எண்ணையே புதியதில் எழுதிவிட்டால், எதுவும் மாறியதாகக் காருக்குத் தெரியாது. ஆனால் பழையது முழுவதும் செத்துவிட்டால் அதன் எண்ணை அலைவழியாகப் படிக்க முடியாது. டயரைக் கழற்றிச் சென்சாரின் உடலில் அச்சிட்டிருப்பதைப் பார்க்க வேண்டும், அல்லது காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். எனவே நான்கும் உயிரோடு இருக்கும்போதே எண்களைப் படித்துக் குறித்துவைப்பது அறிவுடைமை. அலைவரிசையையும் கவனியுங்கள். வட அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் செய்யப்பட்ட கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவுக்கானவற்றில் 433.92. இதற்கு விலக்குகள் உண்டு என்பதால், இறக்குமதியான கார் என்றால் ஊகிக்காமல் சென்சாரின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

ஆறாம்கியர் எழுதியது:

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி, வேறொரு பணிமனையில் கருவி வைத்துச் சோதித்தோம். முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் எந்தப் பதிலும் இல்லை. பின்பக்க இடது சென்சார் பதில் தந்தது. காரும் அதைக் கேட்கிறது. பின்பக்க வலது சென்சார் கருவிக்குப் பதில் தருகிறது, ஆனால் காரின் பட்டியலில் அந்த மூலை வெறுமையாக இருக்கிறது. ஸ்பேர் சக்கரத்தில் சென்சார் இல்லை. டயர்களின் பக்கச்சுவரில் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்ததில், நான்கும் மாற்றவேண்டிய வயதை நெருங்கிவிட்டன என்பதும் தெரிந்தது.

மின்சுற்று எழுதியது:

பின்பக்க வலதுதான் இதில் கவனத்துக்குரியது. பின் இடது சக்கரத்தைக் கழற்றி வலதிலும், வலதைக் கழற்றி இடதிலும் தற்காலிகமாக மாட்டி, காரைச் சிறிது ஓட்டிவிட்டுப் பாருங்கள். வெறுமை சக்கரத்தோடு சேர்ந்து இடம் மாறினால் குறை சென்சாரின் பக்கம்: அதன் அலை வலுவிழந்திருக்கலாம், அல்லது அதன் எண் பதிவில் இல்லாதிருக்கலாம். எந்தச் சக்கரத்தை மாட்டினாலும் வலது மூலையே வெறுமையாக இருந்தால் குறை காரின் பக்கம். ஒரு திசையில் மட்டும் உருளும் டயராக இருந்தால் இந்தச் சோதனைக்காக மட்டும், மெதுவாக, குறைந்த தூரம் ஓட்டுங்கள்.

காரின் பக்கம் என்று தெரிந்தால் உள்உறையைக் கழற்றி ஆண்டெனாவின் கனெக்டரைத் திறந்து பாருங்கள். முனைகளில் பச்சைப் பூப்பு படிந்திருந்தால், மின்இணைப்புகளுக்கான தெளிப்பானால் சுத்தம் செய்து, ஈரம் புகாத கிரீஸ் வைத்து மூடுங்கள். அதில் தீராவிட்டால் வயர் தொடர்ச்சியை மல்டிமீட்டரால் பாருங்கள். ஆண்டெனாவையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் குற்றம் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த மூலையைச் சரிசெய்யாமல் நான்கு புதிய சென்சார்கள் போட்டிருந்தாலும் விளக்கு இதேபோல் மின்னிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

ஆறாம்கியர் எழுதியது:

சக்கரங்களை இடம் மாற்றியும் வலது மூலையே வெறுமையாக நின்றது. உறையைக் கழற்றிப் பார்த்தபோது, கனெக்டரின் ரப்பர் வளையம் ஒருபுறம் நைந்து, உள்ளே சேறு காய்ந்து கட்டியாகியிருந்தது. இரண்டு முனைகள் பச்சை படிந்திருந்தன. சுத்தம் செய்து பூட்டியதும் கார் அந்தச் சக்கரத்தைக் கண்டுகொண்டது. இப்போது முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் சென்சார் வாங்கினால் போதுமா? டயர்களையும் விரைவில் மாற்றவே போகிறேன்.

டயர்பட்டறை எழுதியது:

டயர் மாற்றும் நாளில் நான்கு சென்சார்களையும் சேர்த்தே மாற்றுங்கள். முதல் பதிவில் நான்கையும் மாற்றச் சொன்னதை ஏன் மறுத்தேனோ, அதே காரணத்தால்தான் இப்போது இதைச் சொல்கிறேன்: அன்று அளவீடு எதுவும் இல்லை, இன்று இருக்கிறது. ஒரே வயதுள்ள நான்கில் இரண்டின் பேட்டரி தீர்ந்துவிட்டது. மீதி இரண்டும் புதிய டயரின் பாதி ஆயுளைக்கூடத் தாண்டுமா என்பது ஐயமே. அப்போது நல்ல டயர்களை மீண்டும் ரிம்மிலிருந்து கழற்றி, மீண்டும் பூட்டி, மீண்டும் பேலன்ஸ் செய்ய வேண்டியிருக்கும். சென்சாரின் ஆயுளை டயரின் ஆயுளோடு இணைத்துப் பார்ப்பதே பழைய கார்களுக்கு ஏற்ற கணக்கு.

பொருத்தும்போது அருகில் நின்று கவனியுங்கள். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பெயர்க்கும் தகடு வால்வுக்கு எதிர்ப்புறத்தில் இறங்க வேண்டும். வால்வின் பக்கம் இறங்கினால் சென்சாரின் பிளாஸ்டிக் உடல் அந்த நொடியே உடையும். சக்கரத்தில் சென்சார் இருக்கிறது என்பதை எந்திரத்தில் ஏற்றும் முன்பே பட்டறைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். பழைய அலுமினிய வால்வைச் சுற்றிலும் வெண்பொடி படிந்திருப்பதைக் காண்பீர்கள். அது அலுமினியம் அரித்ததன் அடையாளம். அதை ரிம் துளையின் ஓரத்திலிருந்து துடைத்தெடுத்த பிறகே புதியதை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் வளையம் சரியாக அமராமல் காற்று கசியும். நட்டை, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்க வேண்டும். பல சென்சார்களுக்கு அது 4 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள்தான், சரியான அளவு உங்கள் சென்சாரோடு வரும் தாளில் இருக்கும். வெறும் கையால் பலங்கொண்டு இறுக்கினால் தண்டு விரிசல் விடும்.

வால்வின் உள்ளே இருக்கும் ஊசி நிக்கல் பூசியதாக இருக்கட்டும். சாதாரண பித்தளை ஊசியை அலுமினியத் தண்டில் திருகினால், ஈரத்தில் இரண்டு உலோகங்களுக்கும் இடையிலான மின்வேதி வினையால் அலுமினியம் அரித்து, ஊசி உள்ளேயே இறுகிவிடும்; கழற்ற முயன்றால் தண்டோடு முறியும். அதே காரணத்தால் அலங்கார உலோக மூடிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். பஞ்சர் அடைக்கும் திரவத்தை உள்ளே செலுத்துவதும் ஆகாது: அழுத்தத்தை உணரும் துளை ஊசிமுனை அளவே இருக்கும், பசை போய் அதை அடைத்துவிடலாம்.

நெடுஞ்சாலை எழுதியது:

விளக்கங்களுக்கு நன்றி. சக்கர வளைவின் கனெக்டரைப் பற்றி யாரும் எனக்கு முன்பு சொன்னதில்லை; என் காரிலும் பார்க்கப் போகிறேன். நிறுத்திவிடலாம் என்ற கருத்தை, ரன்ஃபிளாட் டயர் இல்லாத, நேரடி அமைப்பின் உதிரிபாகங்களே கிடைக்காத மிகப் பழைய கார்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்கிறேன். அத்தகைய கார்களுக்கு, வால்வின் மூடிக்குப் பதிலாகத் திருகும் வெளிப்புறச் சென்சார்கள் ஏற்றவையா?

மின்சுற்று எழுதியது:

ஏற்றவையே, சில கட்டுப்பாடுகளோடு. அவற்றின் பேட்டரியை நாமே மாற்றலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அந்த மூடி, வால்வு ஊசியை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கும். எனவே மூடியின் ரப்பர் வளையம் பழுதானால் காற்று அதன் வழியாகவே போகும். பொருத்தியதும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரப்பர் வால்வு தண்டில் இதைப் பூட்டினால் வேகத்தில் அதன் எடை தண்டை வெளிநோக்கி வளைக்கும். பித்தளையாலான தண்டு நல்லது. அலுமினியத் தண்டாக இருந்தால், மேலே சொன்ன அரிப்பைத் தவிர்க்க அவ்வப்போது கழற்றிப் பூட்டுங்கள்.

ஆறாம்கியருக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. புதிய சென்சார்கள் பொருத்திய பிறகு, மெனுவில் அழுத்தத்தை உறுதிசெய்யும்படி கார் கேட்கும். உங்கள் காலத்துக் கார்கள் பலவும் அந்த நொடியில் டயரில் இருக்கும் அழுத்தத்தையே சரியான அளவாக எடுத்துக்கொள்ளும். பட்டறையிலிருந்து ஓட்டிவந்த சூடான டயரில் உறுதிசெய்தால், மறுநாள் காலைக் குளிரில் காரணமின்றி எச்சரிக்கை வரக்கூடும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் மாறும். குறைந்த காற்றோடு உறுதிசெய்தாலோ, அந்தக் குறையையே கார் சரியென்று காத்துக்கொண்டிருக்கும். எனவே இரவு முழுவதும் நின்ற காரில், கதவுத் தூணின் அட்டவணையில் நீங்கள் வழக்கமாக ஏற்றும் ஆட்கள், சுமை ஆகியவற்றுக்கு உரிய வரிசையைப் பார்த்துக் காற்றைச் சரிசெய்து, அதன் பிறகு உறுதிசெய்யுங்கள். முழுச்சுமையோடு நெடும்பயணம் போகும்போது அழுத்தத்தை உயர்த்தினால், அப்போதும் மறுபடி உறுதிசெய்ய வேண்டும். திரும்பி வந்து குறைத்த பின்னும் அப்படியே.